இரண்டு நூல் இழைக்கணும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு வாசல் கதவு உப்பிவிடும். தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். போன மழைக்கு ஆசாரியைக் கூப்பிட்டு வந்தேன். அவர் கதவை ஆட்டிப் பார்த்தார். விளிம்பில் கட்டைவிரலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டினார். டேப்பை எடுக்கவே இல்லை. "தம்பி, ரெண்டு நூல் இழைச்சாப் போதும். கீல் தளர்ந்திருக்கு, அதை முடுக்கிட்டா நிலையோட சேந்து உக்காந்துக்கும்" என்றார். இழைப்புளியைப் போட்டு இழுத்தபோது சுருள் சுருளாகத் தேக்குச் சீவல் விழுந்தது. சொன்னபடியே இரண்டு நூல்தான். கதவு விரல் பட்டாலே நகர்கிறது.

அவர் போன பிறகு அந்த வாக்கியம் மனதை விட்டுப் போகவில்லை. நூல், இழை, முடுக்கு, நிலை. நான்குமே மதுரையோடும் பாண்டியனோடும் சேர்ந்த பத்துப்பாட்டுப் பாடல்களில் இருக்கும் சொற்கள். நாம் 'திறமை' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிற விஷயத்துக்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, அவை எந்தப் பட்டறையிலிருந்து கிளம்பி எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் நூல். தச்சு வேலையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். இரும்புக் கம்பி விற்கிறவர்களும் இன்றுவரை மூன்று நூல் கம்பி, நாலு நூல் கம்பி என்றுதான் சொல்கிறார்கள். மரத்தை நேராக அறுக்க நூல் பிடிப்பார்கள், சுவர் எழுப்பவும் நூல் கட்டுவார்கள். அதே சொல்தான் புத்தகத்துக்கும். இது தற்செயல் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் இதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார். ஒன்று, பஞ்சிலிருந்து இழை திரிப்பதுபோலச் சொல்லிலிருந்து நூல் உருவாகிறது என்பது. இன்னொன்று தச்சருடையது: மரத்தின் கோணலைத் தீர்ப்பது நூல், அதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பதும் நூல். 'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்' என்பது அவர் வாக்கு. இலக்கண ஆசிரியர் தன் வேலைக்கு உவமை தேடிப் போனது நூற்பவரிடமும் தச்சரிடமும்.

நெடுநல்வாடையில் அரண்மனை கட்டுவதற்கு மனை வகுக்கும் இடம் வருகிறது. 'நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு' என்கிறார் நக்கீரர். கட்டடக்கலை நூல் அறிந்தவர்கள், கயிறு பிடித்து அளக்கிறார்கள். படித்த நூலும் கையில் பிடித்த கயிறும் ஒரே அடியில். 'புலவர்' என்ற சொல்லும் பாட்டு எழுதுகிறவருக்கு மட்டும் உரியதாக அன்று இல்லை. புலம் என்றால் அறிவு. எந்தத் துறையானாலும் அந்த அறிவு உடையவர் புலவர். வீடு கட்ட அளக்கிறவரும் புலவர்தான்.

அதே பாட்டில் ஒரு கதவும் வருகிறது. பருத்த இரும்பால் பிணித்து, செவ்வரக்குப் பூசி, தாழோடு சேர்த்துப் பொருத்திய இரட்டைக் கதவு. அது எப்படி இருந்தது? 'கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து'. கைத்திறன் உள்ள கம்மியன், அதாவது கைவேலைக்காரன், முடுக்கியதால் இடைவெளி இல்லாமல் பொருந்தியது. அடுத்த அடியிலேயே 'நெடுநிலை' வருகிறது. எங்கள் ஆசாரி சொன்ன நிலை அதுதான், முடுக்கும் அதுதான். சங்கப் பாட்டில் வரும் சொல்லைப் புரிந்துகொள்ள உரை தேடுகிறோம். அவருக்கு அந்த உரை தேவைப்படாது.

'கைவல்' என்பதில் உள்ள 'வல்' கவனிக்க வேண்டிய வேர். வலிமை, வன்மை, வல்லினம் எல்லாம் அதிலிருந்து. வல்லவன், வல்லுநர் என்பதும் அதிலிருந்தே. உடம்பின் பலத்தைச் சொல்லிய சொல், ஒரு வேலையைச் செய்ய முடிகிற பலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்து 'கிராஃப்ட்' நடந்த பாதையும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வலிமை என்று பொருள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் இன்றும் ஆற்றல் என்ற பொருளிலேயே நிற்கிறது. 'ஸ்கில்' வேறு வழியில் வந்தது. பழைய நார்ஸ் மொழியில் அதற்குப் பிரித்தல், பகுத்தறிதல் என்று பொருள். நம் 'திறம்' அதற்கு நெருக்கம். திறம் என்றால் முதலில் வகை, கூறு, தன்மை. 'திறனறிந்து சொல்லுக சொல்லை' என்ற குறளில் திறன் என்பது கேட்பவருடைய தன்மை. தன்மை தெரிந்தவனுக்குத்தான் வேலை கைகூடும் என்பதால் அந்தச் சொல் மெல்ல ஆற்றல் என்ற பொருளுக்கு நகர்ந்தது. தேக்கும் வேம்பும் மழைக்கு எப்படி எப்படி உப்பும் என்று தெரிந்தவருக்குத்தானே இரண்டு நூல் போதும் என்று சொல்ல வரும்.

இன்னொரு உறவும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 'தச்சன்' வடமொழி 'தக்ஷன்' என்பதன் வழியாக வந்த சொல். தக்ஷன் என்றால் மரவேலை செய்பவர். அதே மூலத்திலிருந்து கிரேக்க மொழியில் மரவேலைக்காரருக்கு 'டெக்டோன்' என்று பெயர். கைத்திறனுக்கு 'டெக்னே'. அந்த டெக்னேயிலிருந்துதான் 'டெக்னாலஜி' வந்தது. ஆகவே டெக்னாலஜியும் தச்சனும் ஒரு பாட்டனின் பேரப்பிள்ளைகள். 'ஆர்க்கிடெக்ட்' என்பதை அப்படியே பிரித்தால் தலைமைத் தச்சர். நம் கல்வெட்டுச் சொல் 'பெருந்தச்சன்'. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லனுக்கு இராஜராஜப் பெருந்தச்சன் என்றே கல்வெட்டில் பெயர். இரண்டு சொல்லும் ஒன்றை ஒன்று பார்த்துப் பிறந்தவை அல்ல, ஆனால் கட்டுமானம் ஒன்றே.

இப்போது மதுரைக் காஞ்சிக்கு வருகிறேன். மாங்குடி மருதனார் பாடியது, 782 அடி, பத்துப்பாட்டில் மிக நீளமானது இதுதான். அதில் அங்காடித் தெருவில் கூடியிருப்பவர்களை அடுக்கிச் சொல்லும் இடத்தை நான் பலமுறை வாய்விட்டுப் படித்திருக்கிறேன்.

'கோடுபோழ் கடைநரும் திருமணி குயினரும்
சூடுறு நன்பொன் சுடரிழை புனைநரும்
பொன்னுரை காண்மரும்...'

சங்கை அறுத்து வளையல் கடைபவர்கள், மணியைத் துளையிடுபவர்கள், சுட்ட பொன்னில் நகை செய்பவர்கள், பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பவர்கள். இந்தப் பெயர்களின் அமைப்பைப் பாருங்கள். கடை என்ற வினை, கடைநர். குயில் என்றால் துளைத்தல், குயினர். புனை, புனைநர். காண், காண்மர். ஆளை அடையாளம் காட்டுவது அவர் குலமோ ஊரோ அல்ல, அந்த நேரத்தில் அவர் கை செய்துகொண்டிருக்கும் வேலை. தட்டுகிறவர் தட்டார், கொத்துகிறவர் கொத்தர் என்று பின்னால் வந்த பெயர்களும் இதே வழிதான்.

இந்த வினைகளில் சில செத்துப் போயின. குயிலுதல் என்று இன்று சொன்னால் யாருக்கும் புரியாது, பறவைதான் நினைவுக்கு வரும். கடைதல் பிழைத்துக்கொண்டது. கடைசல் பட்டறையில் அது இருக்கிறது, வீட்டில் கீரை கடையும்போதும் மோர் கடையும்போதும் இருக்கிறது. சுற்றிச் சுற்றி வரும் அசைவுதான் எல்லாவற்றுக்கும் பொது. புனைதலுக்கு மட்டும் பெரிய வாழ்வு வந்தது. நகை செய்தலும் பாவை செய்தலும் அதன் பழைய வேலை. திருப்பரங்குன்றத்தைப் பாடும் திருமுருகாற்றுப்படைப் பகுதியில் சூரரமகளிர் என்ற தெய்வப் பெண்களின் அழகை 'கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பு' என்கிறார்கள், அதாவது கை வைத்து அலங்கரிக்காமலே அமைந்த அழகு. இன்று புனைவு, புனைகதை, புனைபெயர். பொற்கொல்லரின் கையிலிருந்து எழுத்தாளரின் மேசைக்குப் போய்விட்டது.

அதே அடுக்கின் கடைசியில் ஒரு சொல் இருக்கிறது: கண்ணுள் வினைஞர். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒப்புமை காட்டி வரையக்கூடிய, 'நுண்ணிதின் உணர்ந்த நுழைந்த நோக்கின்' ஓவியர்கள். பார்ப்பவர் கண்ணுக்குள்ளேயே தம் வேலையை நிறுத்துகிறவர்கள் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குகிறார். அவரும் மதுரைக்காரர். ஓவியருக்கு இதைவிட நல்ல பெயர் எந்த மொழியிலாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். சங்கு அறுப்பவரும் மணி துளைப்பவரும் ஓவியரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் தொழிலாளி, ஒருவர் கலைஞர் என்ற கோடு அங்கே இல்லை. எல்லோரும் வினை செய்பவர்கள்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை வீதியில் எதிர்கொள்ளும் கூட்டமும் இப்படித்தான் வருகிறது: 'கண்ணுள் வினைஞர் கைவினை முற்றிய நுண்வினைக் கொல்லர் நூற்றுவர் பின்வர'. கைவினை என்ற சொல் அப்போதே இருக்கிறது, முற்றிய கைவினை என்று. பழம் முற்றுவதுபோலக் கையும் முற்றுகிறது. கொஞ்ச அடிகள் தள்ளி, அந்தக் கூட்டத்தின் தலைவனைப் 'பொய்த்தொழிற் கொல்லன்' என்கிறார் இளங்கோ. நுண்வினை, பொய்த்தொழில். ஒரே ஆள்தான், ஒரே கைதான்.

வினையும் தொழிலும் இன்று எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்று குறுந்தொகையில் இருந்த சொல் அது. வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று மூன்று அதிகாரத்தை அடுத்தடுத்து வைத்தார். இலக்கணத்தில் காலம் காட்டும் சொல்லுக்கே தொல்காப்பியர் வைத்த பெயர் வினை. இன்று பேச்சில் 'என்ன வினையோ', 'வினையை விலைக்கு வாங்காதே' என்றால் கெடுதல் மட்டும்தான். கர்ம வினை என்ற பொருள் ஏறி உட்கார்ந்து, வேலை என்ற பொருளைக் கீழே தள்ளிவிட்டது. நல்ல பொருள் கைவினை, வினைத்திறன், எதிர்வினை போன்ற கூட்டுச் சொற்களில் ஒதுங்கிக்கொண்டது.

தொழில் வேறு விதம். புறநானூற்றில் நெல் அறுப்பவர்கள் 'நெல்லரியும் இருந்தொழுவர்'. அந்தப் பாட்டு மாங்குடி கிழார் பாடியது. அடிமை வேலையைக் குறிக்கும் தொழும்பு என்ற சொல்லும் இதன் பக்கத்திலேயே நிற்கிறது. உடல் உழைப்பின் சுமை இந்தச் சொல்லில் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றோ 'தொழில் பண்றார்' என்றால் முதலாளி, 'தொழிலாளி' என்றால் கூலிக்காரர். ஒரு சொல்லின் இரண்டு முனையில் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

ஆசாரி என்ற சொல்லையும் சொல்லியாக வேண்டும். அது வடமொழி 'ஆசார்ய'. ஆசிரியர் என்பதும் அதே சொல்லிலிருந்து வேறு வழியாக வந்தது என்பது பெரும்பாலான அகராதிகளின் முடிவு. ஆசு இரியர், குற்றம் நீக்குபவர் என்று தமிழாகவே பிரித்துக் காட்டுவோரும் உண்டு. வடமொழி வழியை ஏற்றால், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவருக்கும் பட்டறையில் மரம் இழைக்கிறவருக்கும் ஒரே பட்டம். கம்மியரும் கம்மாளரும் அதேபோல 'கர்ம' என்பது பிராகிருதத்தில் 'கம்ம' ஆகி வந்தவை. வேலை என்றுதான் அர்த்தம். கர்மம் என்ற சொல் மேலே ஏறித் தத்துவமாகிவிட்டது. கம்மியர் என்பது பட்டறையிலேயே தங்கிவிட்டது.

கலை என்ற சொல்லுக்காக நான் விளாச்சேரிக்குத்தான் போவேன். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். நவராத்திரிக்கு முன்னால் போனால் வீட்டு வாசலெல்லாம் களிமண் பொம்மைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். ஒருமுறை ஓர் அம்மா வரிசையாக வைத்திருந்த முகங்களுக்குக் கண் திறந்துகொண்டிருந்தார். தூரிகையில் நாலைந்து மயிர்தான் இருக்கும். மூச்சை நிறுத்தி, ஒரே இழுப்பில் மேல் இமை. அடுத்த முகம், மறுபடி மூச்சு. பேச்சுக் கொடுத்தேன், பதில் வரவில்லை. பத்து முகம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து, "கண்ணு எழுதறப்ப பேசக்கூடாதுங்க, கை ஆடிடும்" என்றார். கண்ணுள் வினைஞர் என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்குத்தான் முழுப் பொருள் கிடைத்தது.

அந்த விளாச்சேரியில் 1870இல் பிறந்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரி. தன் பெயரைத் தமிழாக்கிக்கொண்டார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். பரிதிமாற் கலைஞர். சாஸ்திரம் அறிந்தவருக்கு அவர் போட்ட தமிழ் 'கலைஞர்' என்பதைக் கவனியுங்கள். ஆட்டமோ பாட்டோ அவர் மனதில் இல்லை. கலை என்றால் அறிவுத் துறை. கலைக்கல்லூரி, கலைச்சொல், 1954இல் முதல் தொகுதி வந்த கலைக்களஞ்சியம் எல்லாமே அந்தப் பொருளில் நிற்பவை. இயற்பியல் கலைச்சொல் என்கிறோமே, அதில் எந்த ஆட்டம் இருக்கிறது?

வடமொழியில் 'கலா' என்றால் பகுதி, நிலவின் பதினாறில் ஒரு பங்கு. பிறகு வித்தைகளின் கிளை ஒவ்வொன்றும் கலை. அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் ஆடல் பாடலோடு தச்சும் தையலும் சமையலும் கலந்தே இருந்தன. தமிழ் வேரிலிருந்து பார்ப்பவர்கள் 'கல்' என்ற வினையைக் காட்டுவார்கள், கல்வி பிறந்த வேர். அதற்குத் தோண்டுதல் என்றும் பொருள் உண்டு. அப்படி வேர்ச்சொல் ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைச் செலவிட்ட தேவநேயப் பாவாணர், 1981 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டுக்காக மதுரை வந்தபோது இங்கேயே காலமானார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் என்னால் ஏற்க முடிவதில்லை. ஆனால் ஒரு சொல்லைக் கையில் எடுத்து எந்த வேலையிலிருந்து வந்தாய் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அவரைப் படித்து வந்ததுதான்.

எப்படி வந்திருந்தாலும், கடந்த நூறு ஆண்டில் கலை மேடைக்கும் கண்காட்சிக்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் விளாச்சேரி அம்மாவின் பொம்மை கண்ணாடி அலமாரிக்குள் போனால் கைவினைக் கலைப்பொருள், திண்ணையில் இருக்கும்போது மண் பொம்மை. பொருள் ஒன்றே. சொல்தான் விலையை மாற்றுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த மண் பொம்மை குறளிலும் இருக்கிறது. 'நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம் மண்மாண் புனைபாவை அற்று.' நுணுகி உள்ளே நுழையும் அறிவில்லாதவனின் அழகு, மண்ணால் நன்றாகச் செய்த பாவையைப் போன்றது. நுண், நுழை, புனை மூன்றும் ஒரே குறளில். திண் என்பதிலிருந்து திட்பம், ஒண் என்பதிலிருந்து ஒட்பம் வருவதுபோல நுண் என்பதிலிருந்து நுட்பம். இன்று தொழில்நுட்பம் என்றால் கம்ப்யூட்டரும் செல்போனும். ஆனால் சொல்லுக்குள் இருப்பது சிறியதற்குள் நுழைந்து பார்க்கும் கண். வள்ளுவர் பாவையைக் குறைத்துச் சொன்னாலும், அதைச் செய்தவருக்கு நுழைபுலம் இருந்ததால்தானே அது மாண்பாக அமைந்தது என்று எனக்குத் தோன்றும்.

திறமைச் சொற்களுக்கு இன்னொரு விதி உண்டு. அவை எளிதில் கபடத்தின் பக்கம் சரிந்துவிடும். வித்தை என்பது வித்யா, கல்வி. இன்று 'வித்தை காட்டாதே' என்றால் ஏமாற்றாதே என்று பொருள். கைகாரன் என்றால் கைத்திறன் உள்ளவன் என்பது போய், எங்கள் பக்கத்தில் 'அவன் பெரிய கைகாரன்' என்றால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தந்திரம் இன்னும் விசேஷம். வடமொழியில் தந்த்ரம் என்றால் தறி, பாவு நூல். பிறகு நூல் என்ற பொருளில் சாஸ்திரம். தமிழில் வந்து சூழ்ச்சியாக முடிந்தது. சூத்திரமும் முதலில் நூல்தான், பிறகு சுருக்க விதி. நூல், சூத்திரம், தந்திரம் மூன்றுமே பருத்தியில் தொடங்கிப் படிப்பில் ஏறியவை. பொறி என்றால் இயந்திரம், எலிப்பொறி என்றால் சிக்கவைக்கும் கண்ணி. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் பட்டியலே போடுகிறது. அவற்றில் சில எதிரியைச் சிக்கவைப்பவை. ஆங்கிலத்திலும் 'கிராஃப்ட்' கொஞ்சம் நீண்டு 'கிராஃப்டி' ஆனால் தந்திரக்காரன். தனக்குத் தெரியாததை இன்னொருவர் செய்து காட்டினால் சந்தேகப்படுவது எல்லா ஊர் வழக்கமும்போல.

கையோடு சேர்ந்த சொற்கள் மட்டும் அவ்வளவாகக் கெடவில்லை. கைப்பக்குவம், கைமணம், கைராசி, கைவாகு, கைப்பழக்கம். பக்குவம் என்பது வடமொழி 'பக்வ', சமைந்தது, பழுத்தது. ஒரே அளவு புளி, ஒரே அளவு மிளகாய் போட்டும் அம்மாவின் குழம்பு வேறு மாதிரி இருப்பதற்கு எந்த அளவுக் கணக்கும் விளக்கம் சொல்லாது. கைப்பக்குவம் என்று சொன்னால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். 'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்று ஔவை பெயரில் வழங்கும் பாட்டு ஓவியத்தைத் தனி வரம் என்று சொல்லவில்லை, பழக்கம் என்கிறது.

அந்தப் பழக்கத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் மீனாட்சி கோயில் பக்கம் பூக்கடைகளுக்கு முன் கால் மணி நேரம் நின்றால் போதும். நான் வழக்கமாக வாங்கும் பாட்டி வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து மடியில் வைத்திருப்பார். இரண்டு மல்லிகை மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு. நார் ஒரு சுற்று, விரலில் ஒரு வளையம், இழுப்பு. அவர் கண் பூவில் இல்லை, வருகிற ஆளிடம் இருக்கிறது. நானும் ஒருநாள் கேட்டு வாங்கிக் கட்டிப் பார்த்தேன். நாலு பூவுக்குள் ஒரு காம்பு நசுங்கியது, இரண்டு கீழே விழுந்தன. "இறுக்குனா வெட்டிரும், விட்டா உதுந்துரும்யா. ரெண்டுக்கும் நடுவுல" என்று சிரித்தார்.

அவருக்குச் சொற்களும் தனித்தனி. நாரில் கட்டினால் கட்டுன பூ. ஊசியில் கோத்தால் மாலை. கலந்து கட்டினால் கதம்பம். கட்டாதது உதிரி. இலக்கணக்காரர்கள் இந்தக் கடையிலிருந்துதான் சொல் எடுத்திருக்கிறார்கள். எதுகை, மோனை எல்லாம் தொடை, பூத்தொடுப்பதுபோலத் தொடுப்பது. செய்யுள் இலக்கணம் முழுவதுக்கும் யாப்பு என்று பெயர், யா என்றால் கட்டு. செய்யுள் என்பதும் செய் என்ற வினையில் வந்தது, செய்யப்பட்டது. அதற்குமேல் அந்தச் சொல்லில் அலங்காரம் எதுவும் இல்லை.

கட்டிய சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து, ஒரு முழம் வெட்டி, பூவரச இலையில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். ஒரு மொட்டும் உதிர்ந்திருக்கவில்லை.